பீரோவின் கால்கள்

அவரை எல்லோரும் பீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குவது அவர் தொழில். இளவயதில் ஓர் இரும்பு பீரோவைத் தனியாளாக முதுகில் சுமந்து மாடியேற்றியதில் வந்த பெயர் அது.

எழுபதைத் தாண்டியபின் மகள் வீட்டோடு இருந்தார். ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி மருத்துவமனையில் படுத்தார். திரும்பி வந்ததும், சுமந்தது போதும் என்று மகள் அவரை நாற்காலியை விட்டு அசையவிடவில்லை. கடைவாய்ப் பற்கள் எப்போதோ போயிருந்தன. மென்று தின்னச் சோம்பல்பட்டு, வேளாவேளைக்கு ரொட்டியைப் பாலில் நனைத்து விழுங்கினார். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. வயசானால் அப்படித்தான் என்று பெல்ட்டை இறுக்கிக்கொண்டார்.

ஒரு நாள் கழிப்பறையில் உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. குழாயைப் பிடித்துப் பார்த்தார், சுவரை உந்திப் பார்த்தார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். வேறு வழியில்லாமல், வீட்டிலிருந்த மருமகனைக் கூப்பிட்டார். நல்லவேளை, கதவுக்குத் தாழ் போடும் பழக்கம் அவருக்கு இல்லை. மருமகன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பியபடியே வந்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

"பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க மாப்ள."

"சொல்லல மாமா. ஆனா டாக்டர்கிட்ட போறோம்."

அவமானத்தைவிடப் பயம்தான் அதிகம். அவருடைய அண்ணனுக்கு ஒரு நரம்பு நோயில் முதலில் கால் ஓய்ந்தது, பிறகு கை, கடைசியில் பேச்சு. அண்ணனைக் குளிப்பாட்டி ஊட்டிவிட்டது இவர்தான். தனக்கும் அதுதான் என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டார்.

டாக்டரம்மா அவரைக் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். முடியவில்லை. கைப்பிடியின் வலுவை அளக்கும் கருவியில் முள் கொஞ்சம்தான் நகர்ந்தது. நரம்புப் பரிசோதனைகளும் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று பீரோ அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நரம்பெல்லாம் நல்லா இருக்குங்க. தசைதான் கரைஞ்சிருக்கு."

வயது ஏற எல்லோருக்கும் கொஞ்சம் கரையும் என்றார் டாக்டர். வாரக்கணக்கில் படுக்கை, அப்புறம் நாற்காலி, பருப்பும் முட்டையும் இல்லாத சாப்பாடு எல்லாம் சேர்ந்து அதை வேகப்படுத்திவிட்டன. நிறைய மீட்டுவிடலாம், உழைக்க வேண்டும் என்றார்.

"அப்போ எங்கண்ணனுக்கு வந்தது இல்லையாம்மா?"

"இல்லவே இல்ல."

வாசல்வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை கேட்டார். ஆட்டோவில் தனக்குத்தானே சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். மருமகன் தெருவைப் பார்ப்பதுபோல் இருந்துவிட்டார்.

பல்செட் வந்தது. தட்டில் முட்டை வந்தது. உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பெண் ரப்பர் பட்டையை நீட்டியபோது, பீரோ தூக்கினவனுக்கு இதுவா என்று முணுமுணுத்தார். மறுநாள் தொடை எரிந்த எரிச்சலில் வாயை மூடிக்கொண்டார். மகளுக்குத்தான் கஷ்டம். அப்பா தண்ணீர் கேட்டால் ஓடப்போன காலை நிறுத்தி, "நீங்களே போய் எடுத்துக்கோங்கப்பா" என்று சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

சில மாதங்கள் போயின. ஒரு மதியம் பக்கத்து அறையில் செல்போன் அடித்தது. எழுந்துபோய் எடுத்து ஹலோ சொன்ன பிறகுதான், கை ஊன்றாமலே எழுந்து வந்திருப்பது அவருக்கு உறைத்தது. ராங் நம்பர்தான். ஆனாலும் தான் எழுந்து வந்த கதையை முழுக்கச் சொல்லாமல் அந்த ஆளை அவர் விடவில்லை.