கைப்பிடி வைக்காத மாடிப்படி

"இந்தப் படிக்கு ஏன் சித்தி இன்னும் கைப்பிடி வைக்கல?" என்று கேட்டேன்.

"ஐயோ, மெதுவாப் பேசு" என்றாள் சித்தி. வாசலுக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"கைப்பிடிதானே கேட்டேன்?"

"அதைத்தான் மெதுவாக் கேளுங்கறேன். கைப்பிடி வச்சா மாடி முடிஞ்சுபோச்சுன்னு ஆயிடும். மாடி முடிஞ்சா மாடிக்கும் வரி. இப்ப நாங்க கட்டிக்கிட்டு இருக்கோம்."

"எத்தனை வருஷமா?"

"உனக்குப் பால்பல் விழுந்த வருஷம் ஆரம்பிச்சது."

"அக்கா இந்த வயித்தோட தினமும் ஏறி இறங்குறா சித்தி."

"அதுக்குத்தான் கயிறு கட்டியிருக்கேனே. லாரியில மூட்டை கட்டுற கயிறு. பிடிச்சு இழுத்துப் பாரு, யானையே தொங்கலாம்."

மேலேயிருந்து அக்காவின் குரல் வந்தது: "என்னைத்தான் சொல்றாங்க. ஏழு மாசத்துலயே யானை ஆக்கிட்டாங்க."

"கயிறும் கைப்பிடி மாதிரிதானே? அதைப் பார்த்தா வரி போட மாட்டாங்களா?"

"கயிறை அவுத்துடலாம் இல்ல? அளக்க வர்றவங்க வந்தா அவுத்துடுவேன். போனதும் கட்டிடுவேன்."

"கட்ட மறந்துட்டா?"

சித்தி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நானா? பயந்து சாகுறவளுக்கு எதாவது மறக்குமாடி?"

அந்தப் பேச்சை நான் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அன்று மூவரும் சிரித்துவிட்டு அதோடு விட்டுவிட்டோம்.

சித்திக்கு எங்கள் வீட்டில் 'ஐயோ' என்று பெயர். அம்மா வைத்தது. தங்கை எந்த வாக்கியத்தையும் அந்தச் சொல் இல்லாமல் தொடங்கியதே இல்லை என்பாள். இடிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், சீருடை போட்ட யாரைக் கண்டாலும் பயம். தபால்காரர் மணி அடித்தால்கூட முதலில் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

நகரசபை நடத்தும் பிரசவ ஆஸ்பத்திரியில் அவள் ஆயா. மதியம் போனால் இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்புவாள். படுக்கை விரிப்பை மாற்றுவது, தரையைத் துடைப்பது, வலியில் இருக்கும் பெண்களின் முதுகைத் தேய்த்துவிடுவது எல்லாம் அவள் வேலை. இத்தனை வருஷம் பார்த்தும் ஒவ்வொரு பிரசவத்துக்கும் அவளுக்கு வியர்க்கும். "நமக்குத் தனியா சைரன் எதுக்கு? இவ ஒரு ஐயோ போட்டா டாக்டர் கேன்டீன்ல இருந்து ஓடி வந்துடுவார்" என்று பெரிய நர்ஸ் கேலி செய்வாள்.

சித்தப்பா மாடியில் ஓர் அறையைக் கட்டத் தொடங்கினார். சுவர் எழும்பியது, கூரை போட்டார்கள், அதற்குள் அவர் இறந்துபோனார். பூச்சு வேலையும் கைப்பிடியும் நின்றன. முதலில் முடிக்க வழியில்லாமல்தான் விட்டாள். பிறகு, முடிக்காமல் இருப்பதில் ஒரு வசதி இருக்கிறது என்பதைத் தெருவே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது.

அந்தத் தெருவில் எந்த வீடும் முடிந்ததில்லை. மொட்டைமாடிகளில் துருப்பிடித்த கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கும். மாடி ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் பலகை. பலகைக்குப் பின்னால் கட்டில், பீரோ, டிவி, பேரப்பிள்ளைகள் எல்லாம் இருக்கும். கேட்டால், "இன்னும் வேலை நடக்குது" என்பார்கள். வீட்டுச் சொந்தக்காரர் சங்கத்துக்குச் செயலாளர், தெருமுனை டைல்ஸ் கடைக்காரர். நகரசபை ஆள் அளவுநாடாவோடு தெருவுக்குள் நுழைந்தால் அவர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஃபோன் போட்டு, "மாமா வர்றாரு" என்பார். உடனே மாடிகளில் துணிக்கொடி இறங்கும், நாற்காலிகள் உள்ளே போகும், குழந்தைகள் கீழே இறக்கப்படுவார்கள். மாமா வந்து பார்க்கும்போது தெரு முழுக்கச் செங்கல்லும் மௌனமுமாக இருக்கும். கடையில் விற்கும் டைல்ஸில் ஒன்றைக்கூடத் தன் மாடியில் ஒட்ட முடியாத ஒரே டைல்ஸ்காரர் தான்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அக்கா சித்தியின் மகள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கணவருக்குக் கப்பல் வேலை. வயிற்றுப் பிள்ளையோடு தனியாக இருக்க வேண்டாம் என்று அம்மா வீட்டுக்கு வந்து மாடி அறையில் தங்கினாள். கீழே உள்ள ஒற்றை அறையில் சமையல் புகையும் தெருச் சத்தமும் இருந்தன. மாடியில் காற்று வந்தது. அதற்கு விலை அந்தப் படி. ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் வெறும் வெளி. கீழே சிமெண்ட் தரை.

அந்த மாதத்தில்தான் டைல்ஸ்காரர் ஒரு மனுவோடு வந்தார். நகரசபை அறிவிப்பைச் சித்திக்குப் படித்துச் சொல்ல என்னை வரச் சொல்லியிருந்தார்கள். நகரசபைக் காகிதங்கள் எங்கள் வீடுகளில் பேசாத மொழியில் வரும். நான் படித்த பள்ளியில் இரண்டு மொழியும் இருந்ததால் சொந்தக்காரர்களின் காகிதமெல்லாம் என்னிடம்தான் வந்து சேரும்.

"சொந்த வீட்டுல தானே குடியிருக்கறவங்களுக்கு மாடி வரி முழுசா தள்ளுபடி. அதைத்தான் கேட்குறோம். வர்ற மாசம் பட்ஜெட்டோட ஓட்டுக்கு வருது" என்றார் டைல்ஸ்காரர். "அது வந்துட்டா அக்கா, நீங்க தங்கத்துலயே கைப்பிடி வைக்கலாம், ஒருத்தன் கேட்க மாட்டான்."

சித்தியின் முகம் மலர்ந்து நான் பார்த்தது அபூர்வம். பேனாவை வாங்கிக்கொண்டாள். நான் அறிவிப்பின் இரண்டாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. தள்ளுபடி கொடுத்தால் வருமானம் குறையும். குறைவதை ஈடுகட்ட, பிரசவ ஆஸ்பத்திரியை மாலை ஆறு மணியோடு மூடுவது. அதற்குப் பிறகு வருபவர்களை ஆற்றுக்கு அப்பால் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது.

சித்தி பேனாவைக் கீழே வைத்தாள். "ஐயோ. பிள்ளைங்க ஆறு மணிக்குள்ளயா பொறக்குது?"

"அதெல்லாம் சும்மா மிரட்டல் அக்கா" என்றார் அவர். "வரியைக் குறைன்னா எப்பவும் இப்படித்தான். ஆஸ்பத்திரியை மூடுவேன், குப்பையை அள்ள மாட்டேன்பாங்க. மேயர் ரூமுக்கு ஏசியை நிறுத்துவேன்னு என்னைக்காவது சொல்லியிருக்காங்களா?"

"அந்தப் பாலத்துல வண்டி எப்படி நிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். எங்க அண்ணன் வீட்டுக்கு என்ன ஆச்சுன்னும் தெரியும்." அவர் குரல் இறங்கியது. "பொண்ணு கல்யாணத்துக்குன்னு ஆசைப்பட்டு மாடிக்கு வெள்ளையடிச்சார். அந்த வருஷமே வரி ஏறுச்சு. ரெண்டு வருஷம் பாக்கி விழுந்துச்சு, மூணாவது வருஷம் வீட்டை வித்தார். இப்ப தன் வீட்டு வழியா பஸ்ல போனாக்கூடத் திரும்பிக்கிறார். வரிங்கறது உங்களுக்கும் எனக்கும் சின்ன விஷயமா?"

சம்பளம் வந்ததும் முதலில் வீட்டு வரிக்கு ஒரு பங்கை அரிசிப் பானைக்குள் போட்டு வைப்பவள் சித்தி.

"எங்களுக்கும் கொஞ்சம் குறைங்க, ஆஸ்பத்திரியையும் மூடாதீங்கன்னு மாத்தி எழுதுங்களேன்."

"ரெண்டையும் கேட்டா ஒண்ணும் தர மாட்டாங்க அக்கா."

"எனக்கு ரெண்டு பயம் இருக்கே தம்பி. எந்தப் பயத்துக்குக் கையெழுத்துப் போட?"

அவர் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. நாளைக்குப் போடுகிறேன் என்றாள். அதற்கப்புறம் அவரைத் தெருவில் கண்டாலே வேறு பக்கம் நடந்தாள்.

அடுத்த வாரம் ஒரு நாள், சித்தி வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் ஃபோன் வந்தது. "மாமா வர்றாரு!"

அன்று நடந்ததைச் சித்தியே பிறகு சொன்னாள். அக்கா மேலே தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. கயிற்றின் முடிச்சுகளை மட்டும் பல்லால் கடித்து அவிழ்த்து, சுருட்டி, எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் வேலைக்கு எடுத்துப் போகும் பைக்குள் திணித்தாள். கதவுக்குப் பின்னால் நின்றாள். வெளியே செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. கதவு தட்டப்பட்டது. திறந்தால், தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். எண்ணைக் குறித்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனார். அதற்குள் வேலைக்கு நேரமாகிவிட்டது. தாமதமானால் பெரிய நர்ஸ் திட்டுவாளே என்ற பயத்தில் சித்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள்.

நான் மாலையில் அக்காவுக்குத் துணையாகப் போனேன். பக்கத்து வீட்டிலிருந்து மாடிக்கு மாடி ஒரு பலகை போட்டிருப்பார்கள். தெருவில் என்னைக் கண்டு பேச்சுக்கு இழுத்த பக்கத்து வீட்டு அம்மாள், தெருப்பிள்ளைகள் விளையாடும் அந்த வழியாகவே என்னைக் கூட்டிப் போய் அக்கா அறையில் விட்டாள். அதனால் நான் அன்று அந்தப் படியில் ஏறவேயில்லை; அக்காவும் மதியத்திலிருந்து இறங்கவில்லை. மழை பிடித்தது. இருட்டும் நேரத்தில் மின்சாரம் போயிற்று.

"டார்ச் கீழ அலமாரியில இருக்கு" என்றாள் அக்கா.

"நான் எடுத்துட்டு வரேன், நீ உட்காரு."

"உனக்கு இந்தப் படி பழக்கமில்ல. எனக்குக் கண்ணை மூடிக்கிட்டே தெரியும்."

அவள் சொன்னது உண்மைதான். படி அவளுக்குத் தெரியும். முதல் படியில் கால் வைத்ததும் இடது கை தானாகக் கயிற்றைத் தேடும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. "கயிறு எங்கடி?" என்றாள் அக்கா, மிகச் சாதாரணமான குரலில். அப்புறம் ஏதோ கனமானது சுவரில் உரசும் ஓசை. பிறகு மழைச் சத்தம் மட்டும்.

நான் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகத் தடவி இறங்கினேன். அவள் வெளிப்பக்கம் விழவில்லை. சுவர்ப்பக்கம் சாய்ந்து, சறுக்கி, நடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். வயிறு கல்லாக இருந்தது.

"பேசு" என்றாள். "எதையாவது பேசிக்கிட்டே இரு."

இரண்டு மொழி படித்தவளுக்கு அப்போது ஒன்றுகூட வாயில் இல்லை. தெருவில் இறங்கிக் கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை. டைல்ஸ்காரர் தன் சரக்கு வண்டியோடு வந்தார். சிமெண்ட் சாக்குகளை மடித்துப் போட்டு அக்காவைப் பின்னால் படுக்க வைத்தோம். தெருமுனையில் அவர் ஒரு கணம் வண்டியை நிறுத்தினார். வலது பக்கம் பாலம். மழையில் வண்டிகளின் சிவப்பு விளக்குகள் வரிசையாக, அசையாமல் நின்றன. அவர் இடது பக்கம் திருப்பினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சித்தி தரை துடைத்துக்கொண்டிருந்தாள். தள்ளுவண்டிச் சத்தம் கேட்டு, வழக்கம்போல விலகி நின்று, வந்தவளின் முகத்தைப் பார்த்தாள். அன்று அவள் ஐயோ சொல்லவில்லை. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

பெரிய நர்ஸ் அவள் கையிலிருந்து துடைப்பானை வாங்கினாள். "இன்னைக்கு நீ ஆயா இல்ல, அம்மா. வெளிய உட்காரு. நான் இருக்கேன்."

கதவு மூடிற்று. இத்தனை வருஷம் அந்தக் கதவின் உள்பக்கத்திலேயே இருந்தவள், வெளிப்பக்கத்தில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள். பெஞ்சில் உட்கார வைத்தேன். முகம் துடைக்கக் கைக்குட்டை தேடிப் பைக்குள் கைவிட்டாள். கயிறு வந்தது.

வெகுநேரம் அதையே பார்த்தாள். எதிரே நின்றிருந்த டைல்ஸ்காரரும் பார்த்தார்.

"மீட்டர் பார்க்குற ஆளுன்னு தெரியாம நான்தான் அவசரப்பட்டு ஃபோன் போட்டேன்" என்றார். அவர் சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"நீங்க ஃபோன் போட்டீங்க. அவுத்தது நான்" என்றாள் சித்தி.

உள்ளே அக்காவின் குரல் ஏறும்போதெல்லாம் சித்தியின் விரல்கள் கயிற்றில் முடிச்சுப் போட்டன; குரல் அடங்கியதும் அவிழ்த்தன. கடைசியில் ஓர் அழுகை கேட்டது. பூனைக்குட்டி கத்துவது போல மெலிசாக. பெரிய நர்ஸ் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "பொண்ணு. உருவம் சின்னதுதான், வாய் உன்னை மாதிரி. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

சித்தி அப்போதுதான் ஐயோ என்றாள். வராந்தா முழுக்கக் கேட்டது.

டைல்ஸ்காரர் மனுவைக் கொடுக்கத்தான் செய்தார். அண்ணன் வீட்டை நினைத்துக் கொடுத்தார், அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. சித்தி அதில் கையெழுத்துப் போடவில்லை. நகரசபை பாதி வழியில் நின்றது: மாடி வரியில் ஒரு பகுதி மட்டும் தள்ளுபடி, ஆஸ்பத்திரி ஆறு மணிக்கு மூடாது, ஆனால் ஆயாக்களின் வேலை நாட்கள் குறையும். சித்தியின் சம்பளம் இறங்கியது. தெருவில் பாதிப் பேர் ஏமாந்துவிட்டோம் என்றார்கள், பாதிப் பேர் இதாவது கிடைத்ததே என்றார்கள். கம்பிகள் இன்னும் வானத்தைப் பார்த்துத்தான் நிற்கின்றன.

சித்தி அந்த முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. ஓட்டெடுப்புக்கு முந்தின வாரமே இரும்புப் பட்டறைக்காரர் வந்து படிக்குக் கைப்பிடியைப் பற்றவைத்துவிட்டுப் போனார். பச்சை பெயிண்ட் காய்வதற்குள் என்னை வரச் சொன்னாள். குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"மாடி முடிஞ்சுடுச்சு, வந்து அளந்துக்கோங்கன்னு நகரசபைக்கு எழுதிக் கொடு" என்றாள்.

"இப்பவேவா? ஓட்டு முடியட்டுமே சித்தி. தள்ளுபடி வந்தா..."

"வரலைன்னா? மறுபடியும் அறுக்கவா முடியும்? ஒளிச்சு வைக்கிற பயத்தைவிட வரி கட்டுற பயம் தேவலாம். எழுது."

எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். காகிதத்தை மடித்துப் பையில் வைத்த பிறகும் என்னைப் போக விடவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க அளக்க வர்ற அன்னைக்கு நீ லீவு போட்டுட்டு வந்து என் பக்கத்துல நில்லு. அவங்க கேட்கிறதை எனக்குச் சொல்லு, நான் சொல்றதை அவங்களுக்குச் சொல்லு. நடுவுல நான் ஐயோன்னா மட்டும், அதை அவங்க பாஷையில சொல்லிடாத."