நகலெடுக்காத பக்கம்

"எங்க தாத்தா உபதேசியார், பிரசங்கம் பண்ணுனவரு. உங்க தாத்தா அதே கோயில்ல மணியடிச்சவரு," என்று என் கல்யாணப் பந்தியில் மாமனார் என் அப்பாவிடம் சொன்னார். அப்பா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் மறக்கவில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டில் வேலை கிடைத்தது. எங்கள் ஊர் லுத்தரன் சபையின் பழைய கடிதங்கள் லைப்சிக்கில் இருப்பதாகக் கேள்விப்பட்டதும் லீவு போட்டு ரயிலேறினேன். மணியடித்த என் பூட்டனின் பெருமையைத் தேடி அல்ல. உபதேசியாரைப் பற்றி ஏதாவது அசிங்கம் கிடைக்காதா என்றுதான்.

கிடைத்தது. காப்பகத்தில் வேலை செய்த யாழ்ப்பாணத்துப் பெண் அந்தப் பழைய ஜெர்மன் கையெழுத்தை வாசித்துச் சொன்னாள். குடித்தார் என்ற புகாரில் உபதேசியாரை, கோயிலில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். உடனே அந்தப் பக்கத்தை நகலெடுக்கச் சொன்னேன்.

"பொறுங்கோ அண்ணை. விசாரிச்சதிலை புகார் பொய்யெண்டு அடுத்த பக்கத்திலை இருக்கு. புகார் குடுத்தது மணியடிக்கிறவர், உங்கட பூட்டன். அதையும் கொப்பி எடுக்கட்டோ?"

"வேண்டாம். முதல் பக்கம் போதும்."

அதைத் தமிழில் எழுதி, நகலோடு மாமனாருக்குத் தபாலில் அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து, ஊருக்குப் போன் பேசிவிட்டு வந்த மனைவி சொன்னாள்: "அப்பா இப்பல்லாம் கோயில்ல கடைசி பெஞ்சுலதான் உக்காருறாராம். திருவிருந்துக்கும் எந்திரிச்சுப் போறதில்லையாம். என்னன்னே தெரியல."

அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

மாமனார் அந்தக் கடைசி பெஞ்சிலிருந்தே போய்ச் சேர்ந்தார். பூட்டன் சொன்ன பொய்யை அந்தக் காலத்திலேயே யாரோ விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். என்னை யாரும் விசாரிக்கவில்லை.