ஒருவரும் இழுத்துக் காட்டச் சொல்லவில்லை

எங்கள் பேருந்து நிலையத்தில் அவரை மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மாடிப்படி ஏறியதும் முதல் அறை. அதில் ஒரு மேசை, ஒரு மைக், கீழே வந்து நிற்கும் வண்டிகளைப் பார்க்க ஒரு கண்ணாடி ஜன்னல். எது எந்த மேடைக்கு வருகிறது, எது புறப்படப் போகிறது என்று அங்கிருந்துதான் அறிவிப்பார். கத்தவே மாட்டார். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோலச் சொல்வார். ஆனாலும் கடைசி மேடையில் மூட்டைமேல் சாய்ந்து தூங்குகிற ஆள்கூட விழித்துக்கொண்டு ஓடுவார். நான் கீழே நேரம் குறிக்கும் அறையில் இருக்கிறேன். வண்டி உள்ளே நுழைந்ததும் மேலே போன் போடுவேன். அப்படித்தான் எங்கள் சிநேகிதம் ஆரம்பித்தது.

அக்காவுக்கு ஆஸ்துமா. கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு. வண்டிப் புகை மாடிக்கு ஏறும் நாட்களில் இளைப்பு வந்துவிடும். ஒரு வாக்கியம் சொல்லி, மைக்கை அணைத்து, மூச்சு வாங்கி, மறுபடி மைக்கைப் போட்டு அடுத்த வாக்கியம் சொல்வார். கேட்கிறவர்களுக்குத் தெரியாது.

நகரத்திலேயே பேர்போன மார்பு நோய் டாக்டரிடம்தான் காட்டினார். டாக்டர் முதுகில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு இரண்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். ஒன்று தினமும் இழுப்பதற்கு, இன்னொன்று மூச்சு முட்டும்போது இழுப்பதற்கு. எழுதி முடிப்பதற்குள் மணி அடித்தார், அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். எப்படி இழுப்பது என்று மருந்துக் கடையில் கேட்டபோது, கடைக்காரர் வேறு யாருக்கோ மாத்திரை கத்தரித்துக்கொண்டே, வாயில் வைத்து அழுத்துங்கள், அவ்வளவுதான் என்றார். டப்பாவுக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருந்தது. அதன் எழுத்து எறும்பின் கண்ணுக்குத்தான் தெரியும்.

அக்கா அவர்கள் சொன்னபடியே செய்தார். வாயைத் திறப்பார், நாக்குக்கு மேலே பீய்ச்சுவார், உடனே விழுங்கிவிடுவார். கசந்தால் மருந்து உள்ளே போய்விட்டது என்று நம்பினார். தினமும், ஒருநாள் தவறாமல், பக்தியோடு.

இளைப்பு குறையவில்லை. போகும்போதெல்லாம் டாக்டர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். மருந்தை ஒழுங்காக எடுக்கிறீர்களா? எடுக்கிறேன் என்பார் அக்கா. எடுத்தால் ஏன் இப்படி இருக்கிறது என்று திருப்பிக் கேட்டு, மருந்தின் அளவைக் கூட்டி எழுதுவார். ஒருமுறை, வந்திருந்த மற்ற நோயாளிகள் காதில் விழும்படியாகவே சொன்னாராம், "உங்களை மாதிரி அலட்சியமா இருந்தா ஆண்டவன் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது." இதை என்னிடம் சொன்னபோது அக்காவின் முகம் வெட்கத்தால் சிவந்திருந்தது. தவறே செய்யாதவருக்கு அந்த வெட்கம் எதற்கு?

வீட்டிலும் அதே கதை. அவர் கணவர் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர், கெட்டவரில்லை. ஆனால் டாக்டரே அலட்சியம் என்று சொன்ன பிறகு அவர் என்ன சொல்வார்? மனதில் பயம் இருந்தால் மூச்சு முட்டத்தான் செய்யும் என்று தத்துவம் பேசினார். நாத்தனாருக்குக் கேட்கவே வேண்டாம். வீடு பெருக்குகிற நேரம் பார்த்துத்தான் இவளுக்கு இளைப்பு வருகிறது என்று உறவுக்காரர்கள் வீடுவீடாகப் போய்ச் சொன்னார். பெருக்கினால் தூசி கிளம்பும், தூசி கிளம்பினால் இளைப்பு வரும் என்று அந்த அம்மாளுக்கு யார் போய் விளக்குவது?

பிறகு குரல் போக ஆரம்பித்தது. முதலில் ஜலதோஷம் என்று நினைத்தோம். கரகரப்பு போகவில்லை. மருந்தின் அளவு கூடக்கூட அதுவும் கூடியது. மேடை எண்ணைச் சொல்லும்போது பாதியில் காற்று மட்டும் வரும். பயணிகள் வண்டியைத் தவறவிட்டுவிட்டு வந்து சண்டை போட்டார்கள். மேலாளர் அக்காவைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் ஓய்வாக இருங்கள் என்று சொல்லி, பயணிகளின் பெட்டி மூட்டைகளை வாங்கி வைக்கும் அறைக்கு மாற்றினார். நிலையத்திலேயே தூசி அதிகமான இடம் அதுதான். மைக் முன்னால் ஒரு புதுப் பெண்ணை உட்கார வைத்தார்கள்.

அந்த அறையில்தான் ஒருநாள் மதியம் அக்கா விழுந்தார். யாரோ ஒப்படைத்துவிட்டுப் போன பழைய மெத்தையை நகர்த்தியிருக்கிறார். நான் போய்ப் பார்த்தபோது சுவரில் சாய்ந்து, உதடு நீலம் பாய்ந்து, இன்ஹேலரை மேலும் மேலும் வாய்க்குள் பீய்ச்சிக்கொண்டிருந்தார். ஒரு டிரைவரும் நானும் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். முகமூடி போட்டு மருந்துப் புகை கொடுத்தார்கள். மூச்சு மெல்லத் திரும்பியது.

அந்த வார்டில் தாடி வைத்த ஒரு ஆண் நர்ஸ் இருந்தார். அக்கா எழுந்து உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்க இன்ஹேலரை எடுங்க. வீட்ல எப்படி இழுப்பீங்களோ, அதே மாதிரி எனக்கு இழுத்துக் காட்டுங்க."

அக்கா வாயைத் திறந்து பீய்ச்சினார். வெள்ளையாகப் புகைபோல ஒன்று உதட்டோரமாக வெளியே வந்து கலைந்தது.

"இப்ப வெளிய போச்சே, அதுதான் உங்க மருந்து," என்றார் அவர். திட்டவில்லை, சிரிக்கவில்லை.

பிறகு செய்து காட்டினார். நன்றாகக் குலுக்க வேண்டும். உள்ளே இருக்கும் மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். உதட்டால் இறுக்கிக் கவ்விக்கொண்டு, மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். இழுத்த மூச்சை முடிந்தவரை உள்ளேயே பிடித்து வைக்க வேண்டும். அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றுசேர்ந்து வராவிட்டால் ஸ்பேசர் என்று ஒரு பிளாஸ்டிக் குடுவை இருக்கிறது, அதன் வழியாக இழுத்தால் சுலபம் என்று சொல்லி ஒன்றைக் கொண்டுவந்தும் கொடுத்தார். அக்கா இழுத்தார். இந்தமுறை எதுவும் வெளியே வரவில்லை.

"தினமும் இழுக்கறதை இழுத்ததும் வாய் கொப்பளிச்சுத் துப்பிடுவீங்கல்ல?" என்று கேட்டார் அவர்.

"எதுக்கு?" என்றார் அக்கா.

அவர் டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். நாக்கிலும் தொண்டையிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்ததை எனக்கும் காட்டினார். மார்புக்குள் போக வேண்டிய மருந்து தொண்டையிலேயே தங்கினால் இப்படிப் புண் வரும், குரலும் கம்மும், இதற்குத் தனி மருந்து இருக்கிறது, சரியாகிவிடும் என்றார்.

அக்கா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்தக் கம்மிய குரலில் கேட்டார்.

"இதைச் சொல்லிக் குடுக்க எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?"

"ஒரு டீ ஆறுறதுக்குள்ள சொல்லிடலாம்க்கா."

"இத்தனை வருஷத்துல எனக்காக ஒரு டீ ஆறலையா?"

அவர் குடுவையை வாங்கித் துடைத்து அக்காவின் பையில் வைத்தார்.

அடுத்த வாரமே அக்கா டாக்டரிடம் கிளம்பினார். துணைக்கு நானும் போனேன். அக்கா இன்ஹேலரை மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னார். டாக்டர் நிமிராமலே, "முதல் நாளே சொல்லியிருப்பேன். நீங்க மறந்திருப்பீங்க," என்றார்.

அக்கா நிதானமாகப் பேசினார்.

"டாக்டர், இதை நீங்க ஒரு தடவைகூடக் கையில வாங்கிப் பாத்ததில்ல. இழுத்துக் காட்டுன்னு சொன்னதில்ல. அலட்சியம்னு சொன்னீங்க. அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு."

வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று தெரியுமா, ஒவ்வொருவருக்கும் பாடம் நடத்திக்கொண்டிருந்தால் என் பிழைப்பு என்னாவது என்று டாக்டர் எரிந்து விழுந்தார். மணியையும் அடித்தார்.

அக்கா வெளியே வந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகளில் கூட்டம் நிரம்பி வழிந்தது. நடுவில் போய் நின்று, வண்டி அறிவிக்கிற அதே தோரணையில், பாதி குரலும் பாதி காற்றுமாகச் சொன்னார், "இன்ஹேலர் வச்சிருக்கறவங்க எல்லாரும் கேளுங்க. உள்ள போனதும் அவர் முன்னாடி இழுத்துக் காட்டுங்க. சரியா, தப்பான்னு கேளுங்க. அவர் பாத்துச் சொல்றவரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீங்க."

உதவியாளர் ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்தார். அக்கா அந்தக் கையை ஒரு பார்வை பார்த்தார், அவர் விட்டுவிட்டார். மூலையில் இருந்த ஒரு கட்டட மேஸ்திரி தன் இன்ஹேலரை எடுத்து, "நான் மூக்குல வச்சில்ல இழுத்துட்டிருக்கேன்," என்று தன் மனைவியிடம் சொன்னது எங்களுக்குக் கேட்டது. உள்ளே மணி அடித்தது. அந்த மேஸ்திரிதான் அடுத்தவர். இன்ஹேலரைக் கையில் ஏந்தியபடியே உள்ளே போனார். நெடுநேரம் வெளியே வரவில்லை. இரண்டுமுறை மணி அடித்தும் வரவில்லை.

அக்காவின் இளைப்பு அடுத்த சில மாதங்களில் கட்டுக்குள் வந்தது. தொண்டைப் புண்ணும் ஆறியது. குரல் திரும்பியது, ஆனால் முழுக்க இல்லை. ஏற்றிச் சொல்கிற இடங்களில் இன்னும் சற்று உடையும். மேலாளரிடம் போய் மைக்கைக் கேட்டார். அந்தப் பெண் நன்றாகத்தானே செய்கிறாள் என்று மேலாளர் மழுப்பினார். அவள் நன்றாகச் செய்யட்டும், நான் என் வேலையைக் கேட்கிறேன் என்று அக்கா அவர் அறையிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் காலை வேளை மட்டும் அக்காவுக்கு என்று முடிவாயிற்று. மாலையில் அந்தப் பெண். முழுதாகப் பறித்துக்கொண்டு பாதியைத் திருப்பித் தந்ததற்கு மேலாளர் நன்றி வேறு எதிர்பார்த்தார். கிடைக்கவில்லை.

வீட்டில் கணவர் தலை குனிந்துதான் நடந்தார். இப்போது வீட்டை அவர்தான் ஈரத் துணியால் துடைக்கிறார். நாத்தனார் வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, இனி அதையே பேசிக்கொண்டிருக்காதே என்று புத்தி சொன்னாராம். "எதுக்கு அண்ணி, பேசினா இளைப்பு வந்துடுமா?" என்று கேட்டுவிட்டு அக்கா தன் வேலையைப் பார்த்தாராம்.

போன மாதம் அந்த டாக்டரின் வாசலில் புதிதாக ஒரு மேசை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒரு பெண் உட்கார்ந்து, வருகிறவர்களை எல்லாம் இன்ஹேலரை இழுத்துக் காட்டச் சொல்கிறாளாம். நல்ல சேதி என்று நினைத்து, மாடியேறிப் போய் அக்காவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"இத்தனை நாள் அந்த மேசை எங்க இருந்துச்சாம்?" என்றார்.

கீழே ஒரு வண்டி உள்ளே நுழைந்தது. அக்கா கோபம் தணியாத முகத்தோடே மைக்கைப் போட்டார்.