வாப்பாவின் துண்டில் இருந்த சொல்

எண்பதுகளின் தொடக்கத்தில் மருதமுனையில் எங்கள் வாப்பா தறியில் ஆண்கள் உடுத்தும் சாறன் நெய்துகொண்டிருந்தார். பெருநாளைக்கு மூன்று கிழமை இருக்கும்போது, ஒருநாள் தறியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டில், மருந்துகளுக்கு மேலே ஒரே ஒரு ஆங்கிலச் சொல் இருந்தது: ஓவர்ஸ்ட்ரெய்ன்.

வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள் நான் மட்டும்தான். வயது பதினாறு.

“என்ன புள்ள எழுதிரிக்கி?” என்று உம்மா கேட்டார். வாப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“களைப்பாம் உம்மா,” என்றேன்.

பொருள் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் அது வெறும் களைப்பு இல்லை என்பது நன்றாகத் தெரியும். சாறன்கள் கடைக்குப் போனால்தான் எனக்குப் புதுச்சட்டை. இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை.

மறுநாளே வாப்பா தறிக்குழியில் இறங்கிவிட்டார். அடுப்படியில் இருந்தபடி நான் தறிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். அது ஒரு கணம் நின்றாலும் ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் பக்கத்து ஒழுங்கையில் குடியிருந்த பள்ளிக்கூட மாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். அவருடைய தடித்த அகராதி சொன்னது: ‘ஓவர்’ என்றால் அளவு கடந்தது. ‘ஸ்ட்ரெய்ன்’ லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். இழுத்து இறுக்குவது என்பதுதான் அதன் பழைய பொருள்.

திரும்பி வந்து, தறியடியில் நின்று, எல்லாவற்றையும் உம்மாவிடம் ஒப்புவித்தேன். நான் சொன்ன பொய்யையும் சேர்த்துத்தான்.

வாப்பா கையை நிறுத்தினார். “டொக்டர் எனக்கிட்ட தமிழிலயே செல்லிட்டார். ரெண்டு மாசம் தறியில குந்தப்படாதாம். உம்மாக்குத் தெரிய வேணாமெண்டு நான்தான் பேசாம இரிந்த.”

உம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

“நூல் அறுந்திருமெண்டு அந்திக்கு அந்தி பாவ இளக்கி உடுறீங்க,” என்று வாப்பாவிடம் சொன்னார். பிறகு பாவு நூல்களை இழுத்துக் கட்டியிருந்த கயிற்றை உம்மாவே அவிழ்த்தார். விறைத்து நின்ற பாவு தொய்ந்து விழுந்தது. வாப்பா குழியிலிருந்து ஏறினார்.

அந்தப் பெருநாளைக்குப் பழைய சட்டைதான். தொழுதுவிட்டு வந்த வாப்பா என் தலையில் கை வைத்தார். நான் கிடைக்காத அந்தப் புதுச்சட்டைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.