வெள்ளித்தாளில் சுற்றிய அட்டை

புகாரெஸ்ட் நகரத்து டிராம்களில் பதினொரு வருடமாக டிக்கெட் பரிசோதிக்கும் ஸம்ஃபிராவை யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் யாரையும் பிடிக்காது. அவள் ஏறியதும் பின்வாசலுக்கு நழுவுகிறவர்களின் முதுகைப் பார்த்தே காலம் போய்விட்டது.

முன்பெல்லாம் திட்டுவதோடு விட்டார்கள். வங்கி அட்டையை வாசல் கருவியில் தட்டிக் கட்டணம் செலுத்தும் வழக்கம் வந்த பிறகு அவளைத் திருடி என்றார்கள். ஒருவர் கட்டணம் செலுத்தினாரா என்று பார்க்க, அதே அட்டையை அவள் தன் கைமெஷினில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த மெஷின் சட்டைப்பைக்கு வெளியிலிருந்தே காசை உறிஞ்சிவிடும் என்று எவனோ ஒரு வீடியோவைப் பரப்பிவிட்டான். அவ்வளவுதான், ஊரே அட்டைக்குக் கவசம் மாட்டிக்கொண்டது.

இந்த வருடம் அவள்மேல் இரண்டு புகார்கள் வந்துவிட்டன. மூன்றாவது வந்தால் வேலை இல்லை என்று மேலாளர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

நவம்பர் மாதத்துக் காலை. வண்டியில் நிற்க இடமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஹரலாம்பியெ என்ற கிழவரிடம் மெஷினை நீட்டினாள்.

“அட்டையைக் காட்டுங்க ஐயா.”

“தட்டிட்டேன். போம்மா.”

“தட்டினீங்களான்னு பாக்கத்தான் வந்திருக்கேன்.”

கோட்டின் உள்பையிலிருந்து அட்டையை எடுத்தார். காபித்தூள் பாக்கெட்டின் வெள்ளித்தாளில் நான்கு சுற்று சுற்றியிருந்தது. “இதைப் பிரிச்சா உன் பெட்டி எல்லாத்தையும் முழுங்கிடும். யாருக்குக் காது குத்துற?”

“இது படிக்க மட்டுந்தான் செய்யும். காசு எடுக்காது.”

முட்டைக்கோஸ் பையோடு நின்ற ஒரு பெண் குறுக்கே புகுந்தாள். “என் நாத்தனாருக்கு இப்படித்தான் நாப்பது லேய் பணம் போச்சு!”

“எந்த வண்டியில?”

“எந்த வண்டியா இருந்தா என்ன? எல்லாம் ஒரே கும்பல்தானே!”

ஸம்ஃபிராவுக்குச் சுரீரென்றது. “என் அட்டையையே வச்சுக் காட்டுறேன்” என்று பர்ஸைத் திறந்தாள். அப்போதுதான் உறைத்தது. அவளுடைய அட்டையும் நடைபாதைக் கடையில் வாங்கிய தகர உறைக்குள் இருந்தது. நெரிசலில் எவன் பையில் என்ன கருவி இருக்கிறதோ என்ற பயம் அவளுக்கும் உண்டு. அதை இவர்களிடம் சொல்ல முடியுமா?

“திருடிக்கே திருட்டுப் பயம் பாருங்கய்யா!” வண்டியே கைகொட்டிச் சிரித்தது.

முகம் சிவக்க, உறையை உருவி எறிந்தாள். தன் போனைக் கிழவர் கையில் திணித்தாள். “காசு போனா பேங்க்லேர்ந்து இதுல சத்தம் வரும். நீங்களே வச்சுக்குங்க.” அட்டையை மெஷினில் மூன்று முறை வைத்தாள். மூன்று முறையும் சிவப்பு விளக்கு.

“டிக்கெட் இல்ல! உனக்கே அபராதம் போட்டுக்கோ!” என்றது ஒரு குரல்.

இரண்டு நிறுத்தங்கள் கடந்தன. போன் சத்தம் போடவே இல்லை. கிழவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேண்டாவெறுப்பாக நகத்தால் தாளைப் பிரித்து அட்டையை வைத்தார். அதற்கும் சிவப்பு.

“நான் தட்டினேன்!”

“தாளோட தட்டியிருக்கீங்க. வாசல்ல இருக்கிறதுக்கு மட்டும் தாளுக்குள்ள கண்ணு தெரியுமா? பச்சை எரிஞ்சுதா?”

தட்டும்போது அவர் விளக்கைப் பார்க்கவே இல்லை. பொய் சொல்லவும் இல்லை. அது அவளுக்கும் தெரிந்தது. வேறொரு நாளாக இருந்தால் விட்டிருப்பாள். இன்று எண்பது லேய் அபராதச் சீட்டைக் கிழித்து அவர் மடியில் வைத்தாள்.

“உன்னைத் தெருவுல நிறுத்தாம விடமாட்டேன்.” கிழவர் குறிப்பேட்டை எடுத்து, அவள் சட்டையில் குத்தியிருந்த பணி எண்ணை எழுதினார். வண்டி குலுங்கியதில் கடைசி இலக்கம் தப்பாக விழுந்தது. ஸம்ஃபிரா அதைப் பார்த்தாள். அந்த எண்ணோடு புகார் போனால் அவள் வேலை தப்பிக்கும். மாட்டப்போவது வேறு யாரோ.

“கடைசியில மூணு இல்ல, எட்டு” என்றாள். “திட்டுறதையாவது சரியான ஆளைத் திட்டுங்க. பேரு ஸம்ஃபிரா. அதையும் எழுதிக்குங்க.”

அவர் அடித்துவிட்டுத் திருத்தி எழுதும்வரை நின்றாள். பிறகு முட்டைக்கோஸ் பைக்காரி பக்கம் திரும்பினாள்.

“உங்க அட்டை?”