தேவகியை ஆளாக்கியது நான் அல்ல

இரண்டு நாளாக என் ஃபேஸ்புக் பக்கத்தில் எல்லோரும் ஒன்றையே எழுதுகிறீர்கள். கம்பெனி லைனில் நின்று வேலை செய்துகொண்டிருந்த தேவகியை ட்ரெய்னிங் இன்சார்ஜ் ஆக்கியது ஸ்டெல்லா மேடம்தான், அதாவது நான்தான் என்று. அது உண்மை இல்லை.

தேவகி புதன்கிழமை காலையில் போய்விட்டாள். மாரடைப்பு. கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாளாம்... ஐம்பதுகூட ஆகவில்லை.

கம்பெனிப் பெண்களை இன்டர்வியூவுக்குத் தயார் செய்ய அவள் நடத்திவந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பை இனி யார் எடுப்பது என்று, அவளுக்குத் துணையாக இருந்த சுமதி நேற்று கேட்டிருந்தாள். "வளர்த்த மேடமே எடுக்கட்டும்" என்று வரிசையாகக் கும்பிடு பொம்மை போட்டிருக்கிறீர்கள்.

அந்த வகுப்பு எனக்கு வேண்டும். மிகவும் வேண்டும். ஆனால் பொய்யான காரணத்துக்காக வேண்டாம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டித் தரும் ஒரு கம்பெனியில் நான் பெரிய சாரின் செக்ரட்டரியாக இருந்தேன். தேவகி அங்கே கான்ட்ராக்டில் சேர்ந்த ஆபரேட்டர். வடக்குப்பட்டுப் பெண்.

ஒருநாள் ஷிஃப்ட் முடிந்ததும், தலையில் மாட்டிய தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"மேம், பெரிய சாரைப் பாக்கணும்."

"யார் அனுப்பினாங்க?"

"யாரும் அனுப்பல. நானேதான் வந்தேன். என்னை ட்ரெய்னிங்ல போடச் சொல்லிக் கேக்கணும். புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு இப்பவே நான்தான் சொல்லிக் குடுத்துகினு கீறேன்."

எனக்குக் கோபம் வந்தது. தன்னைப் பற்றித் தானே பேசுவது கெட்ட பழக்கம் என்று கான்வென்டில் கற்றுக்கொண்டவள் நான். "ஒழுங்கா வேலையைப் பாரும்மா. அவங்களே பார்த்துக் கூப்பிடுவாங்க" என்றேன்.

"ரேஷன் கடைல அப்டி நின்னா பாமாயில் தீந்துபூடும் மேம்."

திருப்பி அனுப்பினேன். மறுநாள் அவள் கார் நிறுத்தும் இடத்தில் காத்திருந்து சாரிடம் நேராகவே பேசிவிட்டாள். பார்க்கலாம் என்றாராம். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் போய் நின்றாள்.

"என்னம்மா, திரும்பவும் நீயா?"

"ஆமா சார். இன்னும் அதே லைன்லதான் கீறேன்."

அவர் சிரித்துவிட்டார். அந்த மாதமே ட்ரெய்னிங்கில் போட்டார்கள். இதில் நான் செய்தது, அவளைத் தடுத்தது மட்டும்தான்.

நான் ஓய்வு பெற்ற அன்று ஒரு குத்துவிளக்கு கொடுத்தார்கள். சேர்ந்தபோது இருந்த அதே மேஜை, அதே பதவி... எனக்குப் பின்னால் வந்தவர்கள் ஆபீசர் ஆகியிருந்தார்கள். தேவகி என்னை ஓரமாக அழைத்துப் போய்க் கேட்டாள்.

"நீங்க ஒரு தபாகூடக் கேக்கலியா மேம்?"

"கேட்டு வாங்கறது மரியாதை இல்ல தேவகி. என் வேலை எப்படின்னு அவங்களுக்குத் தெரியும்."

"வேலை தெரியும் மேம். நீங்க ஆபீசர் ஆவணும்னு ஆசைப்பட்டது தெரியுமா?"

அந்த ஆசையை நான் என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. கேக் சாப்பிடு என்று அவளிடம் தட்டை நீட்டினேன்.

போன வருடம் அவள் வகுப்பைப் பார்க்க என்னை அழைத்தாள். அவள் வீட்டு மாடி. லைன் லீடர் இன்டர்வியூவுக்குப் போகப்போகும் பெண்கள், பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் எழுந்து, "எங்க லைன்ல ரிஜெக்ட் ஆவுற வயர் கொறஞ்சிருக்கு, எல்லாம் சூப்பர்வைசர் சார் சப்போர்ட்தான்" என்று ஆரம்பித்தாள்.

"ஏய், சாரா வந்து கொறச்சாரு? நீதான கொறச்ச? 'நான்'னு ஆரம்பி."

"திமிருன்னு நெனச்சுப்பாங்கக்கா."

"நெனச்சுக்கட்டும். திமிரு புடிச்சவன்னாவது உன் பேரு ஞாபகம் இருக்கும்."

மாடியே சிரித்தது. நானும்தான்.

அன்று எடுத்த படத்தை அப்போதே இங்கே போட்டேன். மேலே "நான் உருவாக்கிய பெண்" என்று எழுதினேன். நீங்கள் இப்போது எழுதுவதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

தேவகி அதன் கீழே ஒரு சிரிப்பு பொம்மை மட்டும் போட்டிருந்தாள்.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். "தேவகி அக்காவை ஆளாக்கின மேடம் வர்றாங்க, வழி வுடுங்க" என்று யாரோ சத்தமாகச் சொன்னார்கள். வழி விட்டார்கள். நடந்தேன். முன்னால் நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தேன்.

அவள் அம்மா என் கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை... இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

படத்தின் மேல் எழுதியிருந்ததை எடுத்துவிட்டேன். அந்த அம்மாவிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். போவேன்.

போய் வா தேவகி. நீ கேட்டதற்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. நான் ஆபீசர் ஆக ஆசைப்பட்டது அவர்களுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

சுமதி, இனி உனக்கு.

என் ஆங்கிலம் சுத்தமாக இருக்கும். இன்டர்வியூ அறையில் குறிப்பெடுக்க எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்காக எதையும் கேட்டு வாங்கிய அனுபவம் மட்டும் கிடையாது. அதை அந்தப் பெண்களிடம் மறைக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பை நான் எடுக்க விரும்புகிறேன். எனக்குக் கொடு என்று கேட்கிறேன்.

சரி என்றாலும் வேண்டாம் என்றாலும், போனில் சொல்லாதே. இங்கேயே, எல்லோரும் பார்க்கிற மாதிரி, எழுதிப் பதில் போடு.