ஞாயிற்றுக்கு ஒரு கட்டம் வரைந்தவர்

முதலில் ஒரு திருத்தம். முனவ்வரா சட்டத்தரணி அல்ல. ஜனாஸா எடுக்கும் முன்பு மரண வீட்டிலேயே மூன்று பேர் அவரை "லோயர் அம்மா" என்று சொல்லக் கேட்டேன். பிறகு பாலாவிச் சந்தியில் ஒட்டப்பட்ட அனுதாபப் பிரசுரத்திலும் அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள். அவர் உயிரோடு இருந்திருந்தால் அதைக் கழற்றி, சிவப்புப் பேனாவால் வெட்டி, அச்சகத்துக்கே திருப்பி அனுப்பியிருப்பார். வழக்காடி வென்றார் என்பதும் பிழை. முதலாளியும் தொழிலாளியும் வழக்குக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய தொழில். அதில் அவர் தோற்றதை நான் பார்த்ததில்லை.

அவர் இறந்த செய்தி வந்தபோது நான் அவருடைய கடிதம் ஒன்றைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். அவருடைய கடிதங்களில் பிழை பார்ப்பது என் வேலை. ஐஸ் தொழிற்சாலையில் புதிதாகச் சேரும் மெக்கானிக்குக்கு நியமனக் கடிதம். படுக்கையில் இருந்தபடி அவர் சொல்ல, அவருடைய கந்தோரில் எழுத்து வேலை செய்யும் நஸ்ரின் எழுதியது. நஸ்ரின்தான் தொலைபேசியில் சொன்னாள்: "மிஸிஸ், தாத்தா மௌத்தாகிட்டா." மூத்த சகோதரியைத் தாத்தா என்றும் மரணத்தை மௌத்து என்றும் சொல்வது அவர்கள் வழக்கம். நான் "சரி மகள்" என்றேன்.  அந்த மெக்கானிக் திங்கட்கிழமை வேலைக்கு வரவேண்டியவர். கடிதத்தைத் திருத்தி முடித்துவிட்டுத்தான் கதிரையை விட்டு எழுந்தேன்.

அவரை அறியாத இளம் முதலாளிமாருக்காகச் சொல்கிறேன். பாலாவியில் டயர்க் கடைக்குப் பின்னால் இருக்கிற இரண்டு அறைகள்தான் அவருடைய கந்தோர். பேக்கரி, உப்பளம், கண்டக்குழி விடுதிகள், எத்தாளைத் தோட்டங்கள் என்று, ஆள் வைத்து வேலை வாங்கத் தெரிந்தும் அதற்கான சட்டம் தெரியாத எங்களைப் போன்றவர்களின் ஊழியர் விவகாரங்கள் அனைத்தையும் அவர் பார்த்தார். நியமனக் கடிதம், ஊழியர் நாள்தோறும் கையொப்பமிடும் வரவு இடாப்பு, லீவு, சேமலாப நிதிப் படிவங்கள், அரசாங்கத் தொழில் திணைக்களத்துக்கு எழுதும் பதில் எல்லாம் அங்கேதான். மாதம் ஒருமுறை நேரில் வந்து இடாப்பைப் புரட்டுவார். தேநீர் கொடுத்தால் குடிப்பார். பிஸ்கட் கொடுத்தால் அதைத் தின்றுகொண்டே இடாப்பில் தூள் சிந்துவார். இதை நான் பலமுறை கண்டித்திருக்கிறேன். பயன் இருக்கவில்லை.

என் கணவர் காலமான பிறகு கண்டக்குழியில் எங்கள் நண்டுக் கொட்டகையை நான் நடத்தி வந்தேன். படகில் வரும் நண்டை அவித்து, சதை எடுத்து, கொழும்புக்கு அனுப்புவது வேலை. கொழும்பில் வாங்குகிறவர் ஒருநாள், ஒவ்வொரு ஊழியருக்கும் கோப்பு வேண்டும் என்று எழுதினார். அதற்காகத்தான் முனவ்வராவை அழைத்தேன். கன்னியர் மடத்தில் படித்தவள் நான். என் புத்தகங்களில் பிழை இருக்காது என்ற எண்ணத்தோடு வரவு இடாப்பை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் இரண்டு பக்கம் புரட்டினார். "ஞாயிறு எங்க, மிஸிஸ்?"

என் கணவர் கோவில் சபையில் இருந்தவர். இடாப்பை அவரே அடிமட்டம் வைத்துக் கோடு போடுவார். வாரத்துக்கு ஆறு கட்டம். ஏழாவது நாள் எங்கள் புத்தகத்தில் இல்லை. "கர்த்தருடைய நாளில் நாங்கள் வேலை செய்வதில்லை" என்றேன்.

"அது நண்டுக்குத் தெரியுமா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது சரி. எங்களுக்கு நண்டு கொண்டுவரும் படகுகள் முஸ்லிம் மீனவர்களுடையவை. வெள்ளிக்கிழமை அவர்கள் கடலுக்குப் போவதில்லை. சனிக்கிழமை போய் ஞாயிறு காலையில் கரைக்கு வருவார்கள். நண்டு திங்கள் வரை காத்திருக்காது. எங்கள் கொட்டகைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்து அவித்து வைத்துவிட்டுப் போவார்கள். அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் உதவி. வீட்டுக்குக் கொஞ்சம் நண்டு கொடுத்து அனுப்புவோம். நான் முழந்தாளிட்டுப் பூசை காணும் நேரத்தில் என் கொட்டகையில் என் விறகு எரிந்துகொண்டிருந்தது. இதை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

"உங்கட பூசைக்கு நான் ஒண்டும் சொல்ல மாட்டேன்," என்றார் முனவ்வரா. "ஒரு கட்டம் கூடப் போடுங்க. அவ்வளவுதான்." நான் மறுத்தேன். அடுத்த மாதம் வந்தபோதும் கேட்டார். அதற்கடுத்த மாதம் கைப்பையில் ஓர் அடிமட்டமும் கொண்டு வந்தார். அப்போதும் மறுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹஸீனாவின் வலக்கையில் அவிக்கும் பானை கவிழ்ந்தது. மூன்று பிள்ளைகளின் தாய். எங்கள் கொட்டகையில் அவளைப் போல் வேகமாகச் சதை எடுக்க ஆள் இல்லை. முழங்கை வரை வெந்துவிட்டது. பூசை முடிந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்: "நோனா, ஊட்டுல கஞ்சித் தண்ணி பட்டுதெண்டு டொக்டர்ட்ட சொல்லிட்டேன். நீங்க பயப்படாதீங்க." அவளுடைய பயம் வேறு. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று நினைத்தாள். அவள் சொன்ன பொய்யைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. மறைக்க மாட்டேன்.

மறுநாள் முனவ்வரா வந்தார். கொட்டகையை மேற்பார்வை செய்த என் கணவரின் தங்கை மகன் றெக்ஸ், இடாப்பைத் திறந்து காட்டினான். "பாருங்க, புத்தகத்தில ஞாயிறு இல்லை. இல்லாத நாளில விபத்து எப்படி நடக்கும்?"

"அப்ப அந்தக் கொப்புளத்துக்கும் போய்ச் சொல்லுங்க தம்பி, ஞாயிறு இல்லையாமெண்டு. போயிடும்."

றெக்ஸ் வெளியே போய்விட்டான். முனவ்வரா என் பக்கம் திரும்பினார். அந்தக் கை திரும்பவும் வேலை செய்யுமா என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் நடந்த விபத்து என்று எழுதப்பட்டால் அவளுக்கு நட்டஈடு இல்லை, சிகிச்சைக் கால லீவு இல்லை, திரும்பி வர ஓர் இடமும் இல்லை. விபத்தை நாங்களாகவே தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும் என்றார். நான் கொழும்பு வியாபாரத்தைச் சொன்னேன். விபத்து நடந்த இடத்திலிருந்து அவர்கள் வாங்குவார்களா? கொட்டகை மூடினால் மற்றப் பெண்கள் எங்கே போவார்கள்? என் வாதம் எனக்கே நன்றாக இருந்தது.

அவர் இடாப்பை மூடி வைத்தார். பிறகு தன் கதையைச் சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு வடக்கின் முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர் அவர். "முகாமில பேர் எழுத ஒரு கொப்பியோட வந்தாங்க. அண்டைக்கு எங்க உம்மா காய்ச்சலில எழும்பேலாமக் கிடந்தா. வரிசையில நிக்காததால அவட பேரை எழுதல்ல. ரெண்டு வருஷம் உம்மாவுக்குப் பங்கீடு இல்ல, மிஸிஸ். கேட்டா, அப்பிடி ஒரு ஆள் வரவே இல்லையாம். நான் பக்கத்தில உம்மாவ வச்சிக்கிட்டு நிக்கிறேன், வரவே இல்லையாம்." 

திணைக்களத்துக்கு அறிவிக்கும் கடிதத்தை அவரே எழுதினார். "ஞாயிற்றுக்கிழமை காலை, எனது கொட்டகையில், எனது பொறுப்பில் வேலை செய்துகொண்டிருந்தபோது" என்று இருந்தது. நான் "எனது பொறுப்பில்" என்ற இரண்டு சொற்களையும் வெட்டினேன். அவர் கடிதத்தைப் பார்த்தார். "மிஸிஸ், இதையும் எடுத்தா கடிதத்தில மிச்சமிருக்கிறது நண்டு மட்டுந்தான்." வெட்டிய இடத்துக்கு மேலே அதே சொற்களைத் திரும்பவும் எழுதிப் பேனாவை என் கையில் தந்தார். கையொப்பமிட்டேன்.

தொழில் அலுவலர் வந்த நாளை எங்கள் பெண்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். ஹஸீனா கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, அலுவலரிடமும் கஞ்சித் தண்ணிக் கதையைத் தொடங்கினாள். முனவ்வரா குறுக்கிட்டார்: "புள்ள, நோனா நடந்ததை எழுதிக் குடுத்துட்டா. இனி நீ பொய் சொன்னா நோனாதான் பொய்க்காரியாவா." ஹஸீனா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். "ஓம் சேர்," என்றாள், "இந்தப் பானைதான்." அந்தப் பானையை அவள் காட்டிய விதத்தில் அலுவலரே சிரித்துவிட்டார்.

கொட்டகையை யாரும் மூடவில்லை. ஞாயிறு வருகிறவர்களுக்கு வேறொரு நாள் ஓய்வும், சட்டப்படி கூலியும், பானைக்கு இரும்புத் தாங்கியும் என்று தீர்ந்தது. ஹஸீனாவுக்கு நட்டஈடு கிடைத்தது. சில மாதங்களில் கொழும்பிலிருந்து கோப்புகளைப் பரிசோதிக்க வந்தவர் அந்த விபத்துப் பதிவை இரண்டு முறை வாசித்தார்.  "இந்தக் கரையில் எல்லாக் கொட்டகையிலும், எங்களிடம் விபத்தே நடப்பதில்லை என்கிறார்கள். நான் நம்புவது உங்கள் புத்தகத்தை" என்றார். அந்தப் பருவத்திலேயே அவர்கள் கேட்ட நண்டு இரட்டிப்பானது. முனவ்வராவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்," என்றவர் உடனே, "அப்ப ஆள் கூட எடுக்கணுமே, நியமனக் கடிதம் எத்தனை?" என்றார்.

ஏழாவது கட்டத்தை அவர் கொண்டு வந்த அடிமட்டத்தால் நானே வரைந்தேன். அதில் முதல் கையொப்பம் ஹஸீனாவுடையது. சதை எடுப்பதை விட்டு, நண்டு நிறுக்கும் தராசு வேலைக்கு அவள் திரும்பி வந்த நாள் அது. வலது விரல்கள் அப்போது மடங்காததால் இடக்கையால் போட்டாள். கோணல் மாணலாக, இரண்டு கட்டத்துக்குப் பரந்து கிடக்கிறது. என் புத்தகத்தில் நான் திருத்தாமல் விட்ட ஒரே கிறுக்கல் அதுதான். நானும் சனி மாலைப் பூசைக்கு மாறிக்கொண்டு, ஞாயிறு காலையில் கொட்டகையில் நின்றேன்.

பிறகு கொட்டகையை மகளிடம் கொடுத்துவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் பாலாவிக்குப் போய் முனவ்வராவின் கடிதங்களைப் பார்க்கத் தொடங்கினேன். வேலைக்கு வரச் சொன்னது அவர்தான்: "நான் சட்டத்தைப் பாக்கிறேன், மிஸிஸ், நீங்க என்னைப் பாருங்க." எனக்கும் அவர் நியமனக் கடிதம் தந்தார். என் வாழ்க்கையில் முதலாவது நியமனக் கடிதத்தை நான் வாங்கியது எழுபது வயதுக்குப் பிறகுதான். ஒருமுறை விடுதி முதலாளி ஒருவர், கர்ப்பிணியான ஊழியரை நிறுத்த ஒரு நல்ல காரணம் எழுதித் தரும்படி கேட்டு வந்தார். முனவ்வரா மிகுந்த மரியாதையோடு அவரை இருத்தி, அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். நான்கு என்றார். "நாலு தரமும் உங்கட பொஞ்சாதிய வேலையிலிருந்து நிப்பாட்டினீங்களா? சோறு ஆர் ஆக்கினது?" அந்த மனிதர் சிரித்தபடி எழுந்து போனார். அந்த ஊழியர் பிரசவ விடுமுறை முடிந்து அதே விடுதிக்குத் திரும்பினார். இன்று அங்கே சமையலறைப் பொறுப்பாளர் அவர்தான்.

ஜனாஸா ஒரு வேலைநாளில் நடந்தது. உப்பளத்துப் பெண்கள், பேக்கரிக்காரர்கள், எங்கள் கொட்டகைப் பெண்கள் எல்லோரும் முதலாளிமாரோடு ஒரே பஸ்களில் வந்து இறங்கினார்கள். மாத முடிவில் இடாப்புகள் கந்தோருக்கு வந்தன. அந்த நாளுக்கு நேரே, ஒரு இடாப்பு விடாமல், "சம்பளத்துடன் விடுமுறை" என்று எழுதியிருந்தது. யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு பெண் இந்தக் கரையில் இதைச் சாதித்துவிட்டுப் போயிருக்கிறார். அதனால் நான் அழுதது கொஞ்சம்தான், பெருமைப்பட்டது அதிகம்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஹஸீனாவின் விபத்தை அறிவித்த கடிதத்தின் முதல் பிரதி. என் வெட்டும், அதன் மேல் அவர் எழுத்தும் உள்ளது. அலுமாரியில், என் திருமணச் சான்றிதழோடு இருக்கிறது.

கந்தோர் மூடப்படவில்லை. நஸ்ரினும் நானும் நடத்துகிறோம். அவர் நோயில் கிடந்த ஐந்து மாதங்களிலும் எங்களுக்கு வந்த இடாப்புகளைப் பார்த்தேன். சிலவற்றில் ஞாயிற்றுக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. அந்த இடங்களில் ஞாயிறுகளில் அடுப்பு எரிந்ததை நான் பஸ்ஸில் போகும்போது கண்ணால் கண்டிருக்கிறேன். ஆகவே, முதலாளிமாரே, உங்களில் யாருடைய பெயரையும் இங்கே சொல்லாமல் கேட்கிறேன். அந்த ஞாயிறுகளில் உங்கள் இடத்தில் வேலை நடந்ததா, நடந்திருந்தால் யார் யார் வந்தார்கள் என்பதை, பெயர்களோடு எழுதிக் கையொப்பமிட்டு, இந்த மாதம் முடியுமுன் பாலாவிக் கந்தோருக்கு அனுப்பி வையுங்கள்.